கெண்டைத் தொட்டியில் ஒரு கெளுத்தி

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

போன மாதம் பாதுகாப்பு வாரத்துக்குப் பேச உங்கள் ஆலைக்கு அழைத்திருந்தீர்கள். மாலை, சால்வை, பழக்கூடை எல்லாம் கொடுத்துக் கௌரவப்படுத்தினீர்கள். நான் பேசி முடித்ததும், பின்வரிசையிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எழுந்து, "மேடம், உங்க சர்வீஸ்லயே நீங்க செஞ்ச பெரிய தப்பு எது?" என்று கேட்டாள். "இந்தத் தொழிலுக்கு வந்ததுதான்" என்று சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டேன். எல்லோரும் கைதட்டினீர்கள். வில்லாபுரத்தில் என் வீடு வந்து சேரும்வரை அந்தக் கைதட்டல் உறுத்திக்கொண்டே இருந்தது. நல்ல கேள்வி கேட்ட பெண்ணுக்குப் பதில் சொல்லாமல் ஓடி வந்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், ஒரு டீ வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.

நான் வேலை பார்த்த ஆலை சமயநல்லூரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே இருந்தது. துணி ஆலைகளுக்கு வேண்டிய ரசாயனத் திரவங்களைச் செய்து டிரம்களில் அடைத்து அனுப்புவோம். ஆய்வுக்கூடத்தில் கெமிஸ்டாகச் சேர்ந்து, கடைசிப் பதினைந்து வருடங்கள் பாதுகாப்புக்கும் சுற்றுச்சூழலுக்கும் பொறுப்பாளராக இருந்தேன். பதவியின் பெயர் பெரிதாக இருந்தாலும் வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். உள்ளே வேலை பார்ப்பவர் யாருக்கும் அடிபடக் கூடாது. வெளியே போகிற தண்ணீரால் யாருக்கும் கெடுதல் வரக் கூடாது.

அந்தத் தண்ணீர் போகும் வழியை மட்டும் சொல்லிவிடுகிறேன், மற்ற தொழில்நுட்பம் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆலையின் கழிவுநீர் வரிசையாகப் பல தொட்டிகளில் சுத்தமாகிக் கடைசித் தொட்டிக்கு வரும். அங்கிருந்து எங்கள் தென்னந்தோப்புக்குப் பாயும். ஐப்பசி மழையில் தோப்பே மிதக்கும்போது, கடைசித் தொட்டியின் ஷட்டரைத் தூக்கி மிச்சத்தை ஓடையில் விடுவோம். ஓடை நேராகப் பக்கத்து ஊர்க் கண்மாய்க்குப் போகும்.

கடைசித் தொட்டியை ஒட்டி ஒரு சின்ன மீன் தொட்டி இருந்தது. கட்டச் சொன்னது நான்தான். சுத்தமான தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே போகும். அதில் எட்டு கெண்டை மீன்கள் விட்டிருந்தேன். உங்களில் பலர் இதே மாதிரித் தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். வாடிக்கையாளர் வந்தாலும், அரசு அதிகாரி வந்தாலும், கல்லூரிப் பிள்ளைகள் வந்தாலும் கடைசியாக அங்கேதான் அழைத்துப் போவோம். "பாருங்க, எங்க தண்ணியில மீன் வளருது" என்று நான் சொல்லும்போது என் குரல் எனக்கே இனிக்கும். கேன்டீனில் பையன்கள், "மேடம் ரிட்டயர் ஆகுற அன்னைக்கு மீன் கொழம்புடா மாப்ள" என்று கிண்டல் செய்வார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் அந்த எட்டு மீனும் என் மார்க் ஷீட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொண்டவர் மாயழகு அண்ணன். அந்தக் கண்மாய் ஊர்க்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். இவர்தான் அந்த வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளத்துக்கு வந்தவர். எந்த மோட்டார் எப்போது மக்கர் பண்ணும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் "மேடம்" என்றுதான் கூப்பிடுவார். நான் "அண்ணே" என்பேன். கூப்பிட்ட முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நடத்திய முறையில்தான் வைத்துவிட்டேன்.

ஒரு கோடையில் திடீர் மழை பெய்து ஓய்ந்த மறுநாள், தொட்டியில் ஒரு கெண்டை செத்து மிதந்தது. அன்றைக்குப் பார்த்துக் கல்லூரியிலிருந்து ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். முன்னால் நின்ற ஒருவன் செத்த மீனைப் போனில் படம் எடுத்துவிட்டான். எனக்குத் தலைக்கேறிவிட்டது. என் கோபம் அந்த ஆலை முழுக்கப் பிரசித்தம். ஆய்வுக்கூடத்துப் பெண்கள் என் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய நிலவரத்தைக் கணித்துவிடுவார்கள். பிள்ளைகள் முன்னாலேயே மாயழகு அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"எட்டு மீனைப் பாத்துக்க முடியலையாண்ணே உங்களால? இதுக்கு ஒரு ஆளு, ஒரு சம்பளமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு வலையை எடுத்து மீனை அப்புறப்படுத்தினார். அதோடு விட்டேனா? அன்று சாயங்காலம் கவனக்குறைவு என்று ஒரு மெமோ அடித்து அவர் கையில் கொடுத்து, இன்னொரு பிரதியை அவருடைய ஃபைலில் சேர்த்தேன். இருபது வருட சர்வீஸில் அவர் வாங்கிய முதல் மெமோ அது. மீன் ஏன் செத்தது என்று நான் யோசிக்கவே இல்லை. தண்ணீரைச் சோதித்தேன், எல்லா எண்களும் வரம்புக்குள் இருந்தன. எண் சரியாக இருந்தால் ஆள் மேல்தான் தப்பு என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு என் தொட்டியில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. அந்த வருடம் முழுக்க எட்டுக்கு எட்டு. நான் மாநாட்டில் பேசினேன். கேடயம் வாங்கினேன். கேடயத்தோடு எடுத்த படத்தில் மாயழகு அண்ணனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அந்தப் படத்தில் அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஆளே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஐப்பசி. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று எங்களிடம் சரக்கு எடுப்பதற்கு முன்னால் ஆலையை ஆடிட் செய்ய இரண்டு பேரை அனுப்பியிருந்தது. அந்த ஆர்டர் வந்தால்தான் மூன்றாவது ஷிப்ட் ஓடும் என்று எல்லோருக்கும் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் ஊரே தெரியாத அளவுக்கு மழை. தோப்பு நிரம்பிவிட்டதால் ஷட்டரைத் தூக்கி ஓடையில் தண்ணீர் விட்டிருந்தார்கள். ஆடிட்டர்கள் பத்து மணிக்கு வருவார்கள். நான் ஏழு மணிக்கெல்லாம் ஆலைக்கு வந்து, எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொண்டே மீன் தொட்டிக்கு வந்தேன்.

எட்டு மீன் இருந்தது. எல்லாம் துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்தன. அதில் மூன்றுக்கு மீசை இருந்தது.

நான் கெண்டை விட்ட தொட்டியில் கெளுத்தி ஓடுகிறது. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. மோட்டார் அறையிலிருந்து வந்த மாயழகு அண்ணனிடம், "என்னண்ணே, நம்ம கெண்டைக்கு எப்ப மீசை மொளச்சுச்சு?" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"நேத்துச் சாயந்தரம் எட்டும் செத்துப் போச்சு மேடம். இன்னைக்கு ஆடிட்டுன்னு சொன்னீகள்ல. விடிஞ்சதும் கம்மாயில போயி வல போட்டேன். அஞ்சு கெண்டதான் மாட்டுச்சு. மிச்சம் கெளுத்தி. பாக்க மாட்டாகன்னு விட்டுட்டேன்."

"இதுக்கு முன்னாடியும் இப்படிச் செஞ்சிருக்கீங்களாண்ணே?"

"அந்த மெமோ குடுத்தீகள்ல... அதுலருந்து செத்தா மாத்திருவேன்."

"எத்தன தடவை?"

"எண்ணலை மேடம். ஒண்ணு ரெண்டுன்னுதான் சாகும். அம்புட்டும் ஒண்ணாச் செத்தது இதான் மொதத் தடவை." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மழை பேஞ்சாத்தான் மேடம் சாகுது. வெயில்ல ஒண்ணும் ஆகுறதில்லை."

தம்பி தங்கைகளே, மதுரைப் பக்கம் மழை சாயங்காலம்தான் கொட்டும். நான் சாம்பிள் எடுப்பது காலை பத்து மணிக்கு. கெட்ட தண்ணீர் ராவோடு ராவாக ஓடி முடிந்து, காலையில் நல்ல தண்ணீர் வந்த பிறகு நான் பாட்டில் நிறையப் பிடித்துச் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னது மீன். அதைப் புரிந்துகொண்டவர் ஒரே ஒருவர். அவர் வாயை அடைத்தது என் மெமோ.

இப்போது ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், இதை என் கணவரிடம்கூட வெகுநாள் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் என் கை என்ன செய்தது தெரியுமா? சுவரில் சாய்த்து வைத்திருந்த வலையை எடுத்தது. மூன்று கெளுத்தியையும் பிடித்து வாளியில் போட்டேன். ஐந்து கெண்டை போதும், ஆடிட் முடியட்டும், நாளைக்குக் காரணம் தேடலாம் என்று மனது கணக்குப் போட்டது. நல்லவர்கள் தப்புச் செய்வது இப்படித்தான். யாரும் கெடுதல் செய்யலாம் என்று உட்கார்ந்து திட்டம் போடுவதில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வலையை எடுக்கிறோம்.

நான் வாளியோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டே மாயழகு அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

"மேடம், ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீக. எங்க வீட்டு மாடும் அந்தக் கம்மாயிலதான் தண்ணி குடிக்கும். நேத்தே வீட்டுக்காரிக்குப் போன் பண்ணி, மாட்டை அவுக்காதடின்னு சொல்லிட்டேன். ஊர்ல மத்தவுகளுக்குச் சொல்லலை. சொன்னா உங்க பேரு கெட்டுப்போகும்னு பேசாம இருந்துட்டேன்."

அவர் கண் நிறைந்திருந்தது. என் பெயரைக் காப்பாற்றுவதற்காக இந்த மனிதர் தன் சொந்த ஊரிடம் ஒரு பொய்யைச் சுமந்திருக்கிறார். சுமக்க வைத்தவள் நான். வாளியைக் கீழே வைத்தேன்.

"மாடு எத்தனை மணிக்கு வரும்ண்ணே?"

"பாலைப் பீச்சிட்டு எட்டரைக்கெல்லாம் அவுத்து விட்டுருவாக."

மணி ஏழே முக்கால். அவர் ஓடிப்போய் ஷட்டரை இறக்கினார். ஷட்டரை மூடினால் கடைசித் தொட்டி இரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். அதற்கு மேல் ஆலையை நிறுத்தியாக வேண்டும், ஆடிட்டர்கள் வாசலில் இறங்கும் அதே நேரத்தில். நான் பிளான்ட் மேனேஜருக்குப் போன் செய்தேன். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். பெயர் எழுதினால் கோபித்துக்கொள்ளும் ஆள். எப்போதும் சிடுசிடுப்பார், ஒரு கேள்விக்கு மேல் கேட்க மாட்டார். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன், என் மெமோ உட்பட.

"கம்மாய்க்கு விஷம் போயிருக்குன்னு உறுதியாத் தெரியுமாம்மா?"

"தெரியாது சார். டெஸ்ட் பண்ணி உறுதியாத் தெரியிறதுக்குள்ள மாடு தண்ணி குடிச்சிரும்."

பிறகு, "பிளான்ட்டை நான் நிப்பாட்டச் சொல்றேன். ஏர்போர்ட்ல இருந்து வர்றவங்களையும் நான் பாத்துக்கிறேன். நீங்க ஊருக்குப் போங்க" என்றார். அவ்வளவுதான். அந்த ஆர்டரைக் கொண்டு வந்தால் அவருக்குத் தலைமை அலுவலகத்தில் பதவி என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

மாயழகு அண்ணனின் டி.வி.எஸ். வண்டியில் நான் பின்னால் உட்கார, சேறும் சகதியுமான பாதையில் போனோம். "ஊருக்குள்ள நீங்க வரவேணாம் மேடம், நான் சொல்லிக்கிறேன். கோவத்துல எதுனாச்சும் பேசிப்புடுவாக" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அப்போதும் அவருக்கு என் கவலைதான்.

கண்மாய்க் கரையில் எங்களுக்கு முன்னால் ஒரு பெண் இரண்டு மாடுகளையும் ஒரு கன்றையும் ஓட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். பேச்சியம்மாள். மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைப்பவர், ஊரில் அவர் சொல்லுக்கு மரியாதை உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். மாயழகு அண்ணன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

"மதினி! மாட்டை எறக்காதீக, எறக்காதீக!"

நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். ஆலையிலிருந்து வருகிறேன், எங்கள் தண்ணீர் ஓடை வழியாகக் கண்மாய்க்கு வந்திருக்கிறது, அது கெட்ட தண்ணீராக இருக்கலாம் என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எப்பலருந்து?"

"நேத்துச் சாயந்தரத்துல இருந்து" என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அது பதிலும் இல்லை. "போன வருசத்துல இருந்தேம்மா. மழை பேஞ்சப்பல்லாம் வந்திருக்கலாம். எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்" என்றேன்.

பேச்சியம்மாள் வைத வசவுகளை இங்கே எழுதினால் உங்கள் ஹெச்.ஆர். என்னை அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள். "வெள்ளைக் கோட்டப் போட்டுக்கிட்டு என்னத்தடி படிச்சீக?" என்பது மட்டும் எழுதத் தகுந்தது. அவர் வைது முடிப்பதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் மாயழகு அண்ணனின் சட்டையைப் பிடித்தார். "ஒனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டார். அண்ணன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நான் இடையில் புகுந்தேன்.

"அவரு சொல்ல முடியாம இருந்ததுக்குக் காரணம் நான்தான். என்னைக் கேளுங்க."

பேச்சியம்மாள்தான் கூட்டத்தைக் கலைத்தார். "அவகள அப்பறம் கேக்கலாம். மொதல்ல ஊருக்குச் சொல்லணும்ல" என்று என் கையைப் பிடித்துத் தரதரவென்று அம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனார். மைக் செட்டைப் போடச் சொல்லி, மைக்கை என் கையில் திணித்தார். "நீயே சொல்லு. நாங்க சொன்னா புரளிம்பாக."

மாநாடுகளில் எத்தனையோ முறை மைக்கைப் பிடித்திருக்கிறேன். குறிப்புத் தாள் இல்லாமல் பேசியது அன்றைக்குத்தான். "எல்லாருக்கும் வணக்கம். நான் கெமிக்கல் பேக்டரியில இருந்து பேசுறேன். எங்க தண்ணி ஓடை வழியா உங்க கம்மாய்க்கு வந்திருக்கு. டெஸ்ட் பண்ணிச் சொல்ற வரைக்கும் ஆடு மாட்டை அதுல எறக்காதீங்க. குளிக்காதீங்க, துணி தொவைக்காதீங்க. குடிக்க, மாட்டுக்கு வைக்க நாங்க லாரியில தண்ணி அனுப்புறோம். தப்பு எங்க மேலதான்." கடைசி வாக்கியத்தைச் சொல்ல வேண்டாம் என்றுதான் எந்த வக்கீலும் சொல்வார். ஆனால் அதைச் சொன்ன பிறகுதான் ஜனங்கள் மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

மாடுகள் தப்பின. பேச்சியம்மாளின் கன்று மட்டும் வரும் வழியிலேயே ஓடையில் வாய் வைத்திருந்தது. மத்தியானம் படுத்தது, எழுந்திருக்கவில்லை. கால்நடை மருத்துவரை எங்கள் காரில் அழைத்து வந்தோம். மூன்று நாள் காலையும் மாலையும் அந்தத் தொழுவத்துக்குப் போனேன். முதல் நாள் பேச்சியம்மாள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள், "அந்தப் பக்கம் நில்லு, வெளிச்சத்த மறைக்காத" என்றார். மூன்றாம் நாள் காலையில் நான் வாசலில் நுழையும்போது கன்று எழுந்து நின்று தாயிடம் முட்டிக்கொண்டிருந்தது. நான் அங்கேயே தொழுவத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். "கன்னுக்குட்டி பொழச்சதுக்கு ஏன் அழுகுற, கோட்டிக்காரி" என்று பேச்சியம்மாள் கேட்டார்.

மீன்கள் செத்த காரணத்தை ஆடிட் அன்று மத்தியானமே கண்டுபிடித்துவிட்டோம். டிரம் அடுக்கும் இடத்தைச் சுற்றி ஒரு சின்னத் தடுப்புச் சுவர் உண்டு, தரையில் சிந்துகிற திரவம் மழையில் கலந்தாலும் முதல் தொட்டிக்கே போகும்படி. எப்போதோ ஒரு ஃபோர்க்லிப்ட் பின்னால் வரும்போது அந்தச் சுவரில் இடித்து ஒரு மூலை உடைந்திருக்கிறது. மழைத் தண்ணீர் அந்த உடைப்பு வழியாகத் தோட்டத்தில் இறங்கி, சுத்திகரிப்பு எதற்கும் போகாமல் நேராகக் கடைசித் தொட்டிக்கு வந்திருக்கிறது. அந்தத் திரவம் நம் கையில் பட்டால் கழுவிவிடலாம், மீனைக் கொல்ல ஒரு கரண்டி போதும். அந்த இடத்தை நான் ஆயிரம் தடவை கடந்திருப்பேன். மழையில் ஒரு தடவைகூடக் கடந்ததில்லை. கண்மாய்த் தண்ணீரைச் சோதித்ததில் ஓடை வாயில் மட்டும்தான் கெடுதல் இருந்தது, நடுக் கண்மாய்க்குப் போய்ச் சேரவில்லை. எங்கள் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது, அதிர்ஷ்டம்தான்.

அன்று நான் ஊரிலிருந்து சேற்றுக் காலோடு திரும்பியபோது, மேனேஜர் அந்த இரண்டு ஆடிட்டர்களையும் மீன் தொட்டி முன்னால் நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். மாநாட்டு அறையில் காபி, முந்திரி எல்லாம் தொடாமல் கிடந்தன. வந்ததும் முதல் வேலையாக அவர்களை அங்கே அழைத்து வந்து, எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டிருந்தார். ஆர்டர் உடனே வரவில்லை. சுவர் கட்டி, மழை நாளில் மணிக்கொரு தடவை சாம்பிள் எடுத்து, அவர்கள் மறுபடி வந்து பார்த்த பிறகுதான் வந்தது. அவருக்குத் தலைமை அலுவலகப் பதவி கடைசிவரை வரவில்லை. அவர் ஓய்வு பெறும்போது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அதைப் பற்றிக் கேட்டேன். "அன்னைக்கு உறுதியாத் தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்கம்மா, அதுலதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்க் காரில் ஏறிக்கொண்டார். அவருக்கு நான் பட்ட நன்றிக்கடனை எந்த விதத்திலும் தீர்க்க முடியாது.

ஒரு வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கதை சுலபமாக இருந்தது. மீனை மாற்றியவர் ஒருவர், ஒப்புக்கொண்டும் விட்டார், வேலையை விட்டு அனுப்பினால் முடிந்தது. மாயழகு அண்ணன் அதற்குத் தயாராகவே வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஐ.டி. கார்டு. அவருக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. மூத்த மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் அவருடைய ஃபைலிலிருந்து அந்த மெமோவை எடுத்து மேசையில் வைத்தேன். "இது என் கையெழுத்து. மீன் செத்ததுக்குக் காரணம் கேட்டு எழுதலை, ஆளைத் தண்டிச்சு எழுதியிருக்கேன். இதுக்கப்புறம் எந்த மனுசன் வந்து எங்கிட்ட உண்மையைச் சொல்லுவான்? மீனை மாத்துனது தப்புதான். அதுக்கு வழி பண்ணுனது நான். அனுப்புறதா இருந்தா என்னைத்தான் மொதல்ல அனுப்பணும்." என் குரல் உயர்ந்தது. என் கோபத்தை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை உருப்படியாகச் செலவழித்தது அன்றைக்குத்தான். எனக்கு எழுத்துப்பூர்வமாக ஓர் எச்சரிக்கை கொடுத்தார்கள். மாயழகு அண்ணனை விட்டுவிட்டார்கள், அந்த மெமோவையும் ஃபைலிலிருந்து எடுத்தார்கள். என் எச்சரிக்கைக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். கேடயம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேச்சியம்மாள் ஊர்ப் பெண்கள் இரண்டு மூன்று பேரோடு வந்து மீன் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மழை பெய்தால் கிழமை பார்க்க மாட்டார், குடையோடு வந்து நிற்பார். "எங்க, எண்ணிக் காட்டு" என்பார். எந்த அதிகாரியைப் பார்த்தும் நான் அப்படி நடுங்கியதில்லை. என் பதினைந்து வருடப் பொறுப்பில் என்னை ஒழுங்காக வைத்திருந்தது அந்த வெள்ளிக்கிழமைகள்தான் என்று இப்போது நன்றியோடு சொல்கிறேன்.

ஆனால் மாயழகு அண்ணன் என்னோடு பழையபடி பேசவில்லை. வேலை என்று வந்தால் பேசுவார், கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். வேலை காப்பாற்றப்பட்டது. நம்பிக்கை காப்பாற்றப்படவில்லை. "எதுனாலும் சொல்லுங்கண்ணே, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று நான் பத்துத் தடவை சொல்லியிருப்பேன். தலையாட்டுவார். அவர் அதை நம்புவதற்கு என்ன காரணம் இருக்கிறது? சொல்வது எளிது, நான் பிள்ளைகள் முன்னால் வைததும் வாயால்தானே. அந்தத் தொட்டியில் எட்டு மீன் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம், இவை அதே மீன்கள்தானா என்று மனதுக்குள் ஒரு சந்தேகம் எட்டிப் பார்க்கும். நான் கேட்டதில்லை. கேட்டால் அதுவும் ஒரு மெமோ மாதிரிதான்.

அடுத்த வருடம், ஒரு மத்தியானம். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த நான்கு பேர் என் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எங்கள் ஆலையின் சுற்றுச்சூழல் முன்னேற்றம் பற்றிப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். கதவு மெல்லத் திறந்தது. மாயழகு அண்ணன் நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையில் ஒரு தேக்கிலை, அதன் மேல் செத்த கெண்டை. தண்ணீர் சொட்டி என் அறைத் தரை நனைந்தது. அறையே திரும்பிப் பார்த்தது.

அவர் மீனைப் பார்க்கவில்லை, வந்திருந்தவர்களையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு முதலில் பழைய சூடுதான் ஏறியது. இப்பவா, இவங்க முன்னாடியா என்று தொண்டைவரை வந்துவிட்டது. வந்ததை விழுங்கினேன். அந்த மீன் வயதாகித்தான் செத்தது என்று சோதனையில் பிறகு தெரிந்தது. அந்த நிமிடத்தில் எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்த மனிதர் தொட்டியிலிருந்து என் அறைவரை எல்லோரும் பார்க்க இதைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்து வந்திருக்கிறார் என்பதுதான்.

எழுந்து போய், என் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"ரொம்ப நன்றிண்ணே. உக்காருங்க. எப்பப் பாத்தீங்க?"

இத்தனை வருடத்தில் அவர் அந்த அறையில் உட்கார்ந்ததே கிடையாது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மீன் இன்னும் கையில்தான் இருந்தது.

"இப்பத்தான் மேடம். பாத்ததும் நேரா உங்ககிட்டதான் வாரேன்."